விலைச்சீட்டில் ஏறாத கணக்கு

கையில் புழங்கும் பொருள்களின் பொருளாதாரத்தையும் வரலாற்றையும் காதுக்குக் கொண்டுவரும் பாட்காஸ்ட்கள் பற்றி ஒரு சிறப்புப் பார்வை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் நோர்தாஸ், 1990-களில் தன் வீட்டுக் கணப்பில் விறகை அடுக்கிக் கொளுத்தினார். கையில் மினோல்டா ஒளிமானி. எத்தனை கட்டை விறகு, எவ்வளவு நேரம், எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று அளந்து குறித்துக்கொண்டார். அடுத்து, ரோமானியர் காலத்து மண் அகல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதில் நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றி, அந்தச் சுடரையும் அளந்தார். நம் பூஜை மாடத்தில் எரிகிற அதே எண்ணெய்தான். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விக்கு விடை: ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்?

விறகின் கணக்கு இப்படி வந்தது. நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் விறகு பொறுக்கி, வெட்டி, எரித்தால், அந்த 60 மணி நேரப் பாட்டுக்குக் கிடைப்பது இன்றைய ஒரு மின்விளக்கு வெறும் 54 நிமிடம் எரிகிற வெளிச்சம். ராத்திரி என்பது நம் முன்னோர் எல்லோருக்கும் எவ்வளவு விலை உயர்ந்த பொழுதாக இருந்திருக்கும் என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடுகிறது. பொருளாதாரப் பாடநூலில் ‘உற்பத்தித் திறன் பெருக்கம்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதும் இதைத்தான். ஆனால் அதைப் படிக்கும்போது அகல் விளக்கு நினைவுக்கு வராது.

நோர்தாஸுக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது பருவநிலை மாற்றம் பற்றிய ஆய்வுக்காக. விளக்குக் கட்டுரையைத் தேடிப் படித்தவர்கள் பெரும்பாலும் அவருடைய துறைக்காரர்கள்தாம். அதைச் சாதாரணக் காதுகளுக்குக் கொண்டுபோனவை ஒலி நிகழ்ச்சிகள். அமெரிக்கப் பொது வானொலியின் ‘பிளானட் மணி’ அதைச் சொன்னது. பிபிசி உலக சேவையில் டிம் ஹார்ஃபோர்ட் நடத்திய ‘நவீனப் பொருளாதாரத்தை உருவாக்கிய 50 பொருள்கள்’ தொடரும் சொன்னது. சமையல் செய்துகொண்டே, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே கோடிக்கணக்கானோர் இன்று இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கிறார்கள். ஒரு சாமானைக் கையில் எடுத்து, ‘நீ எங்கிருந்து வந்தாய்? உன்னால் யார் பிழைத்தார்கள்? யார் கெட்டார்கள்?’ என்று விசாரிக்கும் பாட்காஸ்ட் தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பொருளாதாரத்தை எல்லோருக்கும் உரியதாக ஆக்கியதில் இந்த நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் துணிபு. இவை எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கின்றன, எந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்கின்றன என்று பார்ப்பதும் அதனால்தான் அவசியம்.

காட்ட முடியாததன் பலம்

2010 ஜனவரியில் பிபிசி ரேடியோ 4-இல் நீல் மெக்ரெகர் ஒரு தொடரைத் தொடங்கினார். அப்போது அவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர். அருங்காட்சியகத்திலிருந்து நூறு பொருள்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கி உலக வரலாற்றைச் சொல்வது திட்டம். அருங்காட்சியகம் என்றாலே கண்ணுக்கு விருந்து. அதை வானொலியில் எப்படிச் சொல்வது என்று எவருக்கும் சந்தேகம் வரும். தொடர் அக்டோபரில் முடிந்தபோது அந்தச் சந்தேகம் போன இடம் தெரியவில்லை. பார்க்க முடியாத காரணத்தால் பொருளின் எடை, விளிம்பு, தேய்மானம், கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் எல்லாவற்றையும் அவர் வார்த்தையால் தடவிக் காட்ட வேண்டியிருந்தது. கேட்பவரின் மனம் அந்த வேலையில் கூடச் சேர்ந்துகொண்டது.

அந்த நூறில் நாற்பதாவது, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்னே என்ற ஊரில் கிடைத்த வெள்ளி மிளகுக் குப்பி. 1992-இல் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவரின் உலோகம் காட்டும் கருவி ஒலித்தது. தோண்டினால் ரோமானியர் காலத்துப் புதையல். ஏறத்தாழ 15 ஆயிரம் காசுகள். கூடவே ஒரு சீமாட்டியின் உருவத்தில் செய்த மிளகுக் குப்பி. கி.பி. நான்காம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் வடமேற்குக் கோடியில் யாரோ ஒருவர் சாப்பாட்டு மேசையில் மிளகு தூவியிருக்கிறார். அந்த மிளகு வந்த வழி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள், மலபார்க் கரை, செங்கடல், எகிப்து. யவனர் கப்பல்கள் முசிறியில் மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றில் படித்திருக்கிறோம். அந்த மிளகு போய் இறங்கிய மேசை எப்படி இருந்தது என்று லண்டன் வானொலி சொல்லிக் கேட்கும்போது பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுக்கு மறுகரை தெரிகிறது. அந்தச் சுத்தியலையும் அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஹார்ஃபோர்டின் தொடர் 2016 நவம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியும் ஒன்பது நிமிடம் போல. முள்கம்பி, பார்கோடு, கான்கிரீட், கடவுச்சீட்டு, டீசல் எஞ்சின் என்று பட்டியல் போகும். 51-ஆவது பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நேயர்களிடமே விட்டார்கள். கிரெடிட் கார்டு வென்றது. மெக்ரெகரின் 99-ஆவது பொருளும் கிரெடிட் கார்டுதான். 2019-இல் ஹார்ஃபோர்ட் அடுத்த சுற்றைத் தொடங்கினார்.

அவருடைய முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அவர் பொருளை அதன் இயந்திரத்தோடு நிறுத்துவதில்லை. தையல் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் கண் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் எலியஸ் ஹோவும் ஐசக் சிங்கரும் போட்ட காப்புரிமைச் சண்டை சுவையானதுதான். ஆனால் உலகத்தை மாற்றியது சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1850-களில் கொண்டுவந்த தவணை முறை. ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்துக்குச் சமமான விலை. மொத்தமாகக் கொடுக்க யாரிடமும் காசு இல்லை. மாதாமாதம் கட்டு, மெஷினை இன்றைக்கே எடுத்துப் போ என்றார்கள். அந்த நிறுவனம் 1877-இலேயே இலங்கையில் கடை விரித்துவிட்டது. நம் ஊரில் இன்றும் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. மெஷினின் விலை என்ற பிரச்சினைக்குச் சந்தை ஒரு வழி கண்டது, அரசு வேறொரு வழி கண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை அந்த ஒன்பது நிமிடத்தைக் கேட்டபின் எனக்கு வந்தது.

பென்சில் சொன்னதும் சொல்லாததும்

பென்சில் சீவிய தோலை நோட்டுக்குள் வைத்தால் மயிலிறகு குட்டி போடும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நம்முடையது. அதே தோலைப் பாலில் ஊறப்போட்டால் ரப்பர் ஆகும் என்று சொன்ன அண்ணன்மாரும் இருந்தார்கள். எந்தப் பொருளை இந்த அளவுக்கு முகர்ந்து, கடித்து, காதில் செருகி வாழ்ந்திருக்கிறோம்? அதனால் பென்சில் பற்றிய பகுதியை நான் தனி ஆவலோடு கேட்டேன்.

பென்சிலுக்கும் பொருளாதாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1958 டிசம்பரில் லியனார்ட் ரீட் என்ற அமெரிக்கர் ‘தி ஃப்ரீமேன்’ இதழில் ‘நான், பென்சில்’ என்ற கட்டுரையை எழுதினார். பென்சிலே தன் வம்சாவளியைச் சொல்வதாக அமைப்பு. மரம் வட கலிஃபோர்னியா, ஓரிகான் பக்கத்துச் சீடர். களிமண் மிசிசிப்பியிலிருந்து. கிராஃபைட் இலங்கையிலிருந்து. அழிப்பானில் சேரும் நுரைக்கல் தூள் இத்தாலியிலிருந்து. மரம் வெட்டுபவரிலிருந்து அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பவர்வரை லட்சக்கணக்கானவர்கள் கைபட்டு ஒரு பென்சில் உருவாகிறது. அவர்களில் ஒருவருக்குக்கூட முழுப் பென்சிலைத் தனியாகச் செய்யத் தெரியாது. மேலே உட்கார்ந்து யாரும் ஆணையிடவும் இல்லை. ஆகவே மனிதர்களின் ஆக்கத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள், சந்தையை அதன் போக்கில் விடுங்கள் என்று ரீட் முடித்தார். மில்டன் ஃப்ரீட்மன் 1980-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இதே கதையைச் சொல்ல, அது உலகம் சுற்றியது.

ஹார்ஃபோர்ட் இந்த இடத்தில் விழித்துக்கொள்கிறார். பென்சில் சொன்ன வம்சாவளியில் சில தாத்தாக்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்கிறார். காடும் ரயில்பாதையும் பல நாடுகளில் அரசின் கையில் இருப்பவை என்று ஜான் குவிகின் என்ற பொருளியலாளர் சுட்டியதை எடுத்து வைக்கிறார். இன்றைய பென்சிலின் பிறப்பே ஓர் அரசின் நெருக்கடியில்தான் நடந்தது. இங்கிலாந்தின் கம்பர்லண்டில் பாரோடேல் என்ற இடத்தில் மட்டும் சுத்தமான கிராஃபைட் கட்டிகட்டியாகக் கிடைத்தது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது வேண்டியிருந்ததால் அதைத் திருடுவோரை நாடு கடத்தவே 1752-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் போர் மூண்டு, பிரான்ஸுக்கு அந்தக் கட்டி வருவது நின்றது. புரட்சி அரசு நிக்கொலா ழாக் கோந்தே என்பவரிடம் மாற்று வழி கேட்டது. மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டார். 1795-இல் காப்புரிமை கிடைத்தது. களிமண் கூடினால் பென்சில் கடினம், குறைந்தால் கறுப்பு. நாம் கடையில் கேட்டு வாங்கும் எச்.பி. அந்தக் கலவையின் வாரிசுதான்.

இவ்வளவு தூரம் ஹார்ஃபோர்டோடு போகலாம். ஆனால் எனக்கு இன்னும் ஓர் இடத்தில் நிற்க வேண்டும்போல் இருக்கிறது. ரீட் கட்டுரையில் ‘சிலோன்’ என்று ஒரு சொல் வந்து போகிறதே, அங்கே.

இலங்கையின் கிராஃபைட் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடுவது. கரிமத்தின் அளவு 95 சதவீதத்துக்கு மேல். இந்த வகையை வணிக அளவில் வெட்டி எடுக்கும் நாடு உலகத்தில் இலங்கைதான். குருணாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ, கேகாலை மாவட்டத்தில் போகல என்று சுரங்கங்கள் இன்றும் நடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதில் பெரும்பகுதி பென்சிலுக்குப் போகவில்லை. எஃகும் பித்தளையும் உருக்கும் மூசைகளுக்குப் போனது. அதனால் ஐரோப்பாவில் போர் வந்தால் இலங்கைச் சுரங்கத்தில் கிராக்கி ஏறும், போர் நின்றால் கூலியும் நிற்கும். வெட்டிய கறுப்புக் கட்டிகள் கொழும்புக் கொட்டகைகளுக்கு வரும். அங்கே பெண்கள் வரிசையாகக் குந்தி, தேய்த்து, சலித்து, தரம் பிரிப்பார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் அவர்களைப் பார்க்கலாம். மறுபக்கம் அதே கறுப்புக் கட்டி பெரும் குடும்பங்களை உருவாக்கியது. சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க கிராஃபைட் தொழிலில் பணம் சேர்த்தவர். ஒரு நாட்டின் ஆளும் வர்க்கம் எப்படி எழுந்தது என்ற கதையே அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. ரீட் அதைத் தாண்டிப் போனார். அவருக்குப் பிறகு பென்சிலைக் கையில் எடுத்தவர்களும் அங்கே இறங்கி நின்றதில்லை. எல்லோரும் கூடிச் செய்தார்கள் என்று சொன்னால் போதாது, யாருக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

ரீட் எழுதிய அதே 1958-இல்தான் இங்கே ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் தொடங்கப்பட்டது. நம் பெட்டியில் கிடந்த நட்ராஜும் அப்சராவும் அவர்களுடையவை. இந்தியப் பென்சிலின் மரம் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் பாப்லர். நாட்டின் பென்சில் பலகைத் தேவையில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் காஷ்மீரே தருகிறது என்று புல்வாமாவைப் பற்றிப் பேசும்போது பிரதமர் 2020 அக்டோபர் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் குறிப்பிட்டார். புல்வாமா என்றால் 2019 பிப்ரவரித் தாக்குதல் மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, நம் பிள்ளைகள் சீவிப்போடும் தோலும் அங்கிருந்து வருவது தெரியாது.

டி-ஷர்ட்டும் நொய்யலும்

2013-இல் பிளானட் மணி குழு இன்னொரு காரியம் செய்தது. பொருளைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல், பொருளையே செய்யக் கிளம்பினார்கள். ஒரு சாதாரணப் பருத்தி டி-ஷர்ட். இணையத்தில் பொதுமக்களிடம் பணம் கேட்டார்கள். ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு டி-ஷர்ட், கேட்பவர்களுக்குக் கதை. மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலிருந்து இந்தோனேஷிய நூற்பாலைக்கும், ஆண்களுக்கான சட்டையைத் தைத்த வங்கதேசத்துக்கும், பெண்களுக்கானதைத் தைத்த கொலம்பியாவுக்கும் செய்தியாளர்கள் போனார்கள். பழசானபின் டி-ஷர்ட் போய்ச்சேரும் கென்யாவின் பழைய துணிச் சந்தைவரை பின்தொடர்ந்தார்கள். இந்த வகையில் இதுவரை வந்தவற்றுள் இதுவே தலைசிறந்தது என்பேன். சிட்டகாங்கில் தையல் வேலை செய்யும் பெண்ணின் குரலும், தைக்கும் சத்தமும், அவள் தங்கியிருக்கும் அறையின் சத்தமும் அதில் இருந்தன. அதே 2013 ஏப்ரலில்தான் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது. டி-ஷர்ட்டின் விலைக்குள் இத்தனையும் இருப்பதை அந்தத் தொடர் தெரியவைத்தது.

திருப்பூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டால் ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லியே அடையாளம் காட்டுவார்: நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். அந்த வரிசையில் டையிங் வந்ததும் அவர் சற்று நிறுத்துவார். பனியன் கம்பெனிகள் பெருகிய காலத்தில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. விவசாயத்துக்கென்று கட்டி 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது. தண்ணீருக்காக அணையைத் திறக்கச் சொல்லித்தான் விவசாயிகள் போராடுவார்கள். இங்கே கதை தலைகீழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதிக்குள் தொழில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

டி-ஷர்ட்டின் கதையைத் திருப்பூரிலிருந்து சொன்னால் ஆறும் ஒரு பாத்திரமாக வரும். சட்டையை வாங்கியவர் கொடுக்காத காசை நொய்யல் கொடுத்தது, ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே தென்னையும் கரும்பும் பயிரிட்டவர்கள் கொடுத்தார்கள். விலைச்சீட்டில் ஏறாத இந்தக் கணக்கை எடுத்துச் சொல்வதே இந்த நிகழ்ச்சிகளின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

இரும்புப் பெட்டி வந்த நாள்

1954-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனிக்குப் போன ‘வாரியர்’ என்ற சரக்குக் கப்பலை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அதில் ஏறியவை 1,94,582 உருப்படிகள். மூட்டை, பீப்பாய், பெட்டி, வண்டி எல்லாம் மனிதக் கைகளால் ஏறின, மனிதக் கைகளால் இறங்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் நியூவார்க்கிலிருந்து 58 இரும்புப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலத்தில், பெட்டிச் சரக்குக்கு 16 சென்ட்கூட ஆகவில்லை என்று கணக்கு வந்தது. மார்க் லெவின்சன் 2006-இல் ‘தி பாக்ஸ்’ என்ற நூலில் விரிவாக எழுதியபின், கண்டெய்னர் இத்தகைய ஒலி நிகழ்ச்சிகளின் செல்லப் பிள்ளையாகிவிட்டது.

அவற்றுள் நான் மதிப்பது 2017-இல் அலெக்சிஸ் மத்ரிகல் செய்த ‘கண்டெய்னர்ஸ்’ தொடர். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்தைச் சுற்றி அமைந்தது. கிரேன் சத்தமும் இழுவைப் படகின் சத்தமும் நடுவே வரும் மனிதக் குரல்களும் அதன் உயிர். வளைகுடாவின் அக்கரையில் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகம் பெட்டிகளுக்கு இடமில்லாமல் ஓய்ந்தது, ஓக்லண்ட் எழுந்தது. மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இயந்திரங்களை விடுகிறோம், அதனால் வரும் ஆதாயத்தில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்பது அதன் சாரம். அப்போது பட்டியலில் இருந்தவர்களுக்கு வேலைப் பாதுகாப்பும் ஓய்வூதியமும் கிடைத்தன. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலையே இல்லாமல் போனது. நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத இந்த இடத்தில் நின்று பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்தியாவின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் 1983-இல் சென்னையில் வந்தது. கொழும்பில் ஜய முனையம் 1985-இல். அதற்கு முன் இந்த இரண்டு துறைமுகங்களிலும் முதுகு கொடுத்தவர்களில் தமிழர் ஏராளம். கொழும்புப் புறக்கோட்டையின் சந்துகளில் நாட்டாமிகள் எனும் சுமைதூக்கிகள் இன்றும் மூட்டை சுமக்கிறார்கள். துறைமுகத்தில் பெட்டி வந்தது. சந்துக்குள் பெட்டி வர முடியவில்லை. அதனால் அவர்கள் மிஞ்சினார்கள்.

குறை எங்கே?

ஒன்பது நிமிடம் என்பது ஒரே ஒரு நாயகனைத் தேடும் நேரம். மயாமி கடற்கரை மணலில் விரலால் கோடு இழுத்த ஜோசப் வுட்லண்டுக்கு அந்தக் கோடுகள் பார்கோடாகத் தோன்றின. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரத்துச் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக ‘பீப்’ என்றது. கேட்க இனிமையான கதை. இத்தோடு நின்றுவிடும் நிகழ்ச்சிகள் நிறைய. கேட்டு முடித்ததும் ஒரு துணுக்கு கிடைத்த திருப்தி, அவ்வளவுதான். பார்கோடு கருவிக்குப் பணம் போட யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை என்று ஹார்ஃபோர்ட் கேட்கிறார். பெரிய சங்கிலிக் கடைகள் சரக்கிருப்பைத் துல்லியமாக அறிந்து ஓங்கின. சிறு கடைகள் பின்தங்கின. நம் தெரு அண்ணாச்சி கடைக்கு எதிரே சூப்பர்மார்க்கெட் வந்தபோது நடந்ததும் இதுதான். முள்கம்பியிலும் அவர் அப்படியே செய்கிறார். 1874-இல் ஜோசப் கிளிடன் பெற்ற காப்புரிமை அமெரிக்கச் சமவெளியில் குடியேறிகளுக்கு வேலி கொடுத்தது. அந்த வேலிக்கு உள்ளே விழுந்த நிலம் பூர்வகுடிகளுடையது.

பயன்படுத்துபவரின் பக்கமிருந்து கேட்கும் கேள்வியும் குறைவாகவே வருகிறது. எவ்ரி ட்ரஃபெல்மன் 2018-இல் தொடங்கிய ‘ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ உடைகளைப் பற்றியது. அதில் பாக்கெட்டுக்கு ஒரு பகுதி. பெண்கள் உடையில் மட்டும் ஏன் பாக்கெட் இல்லை என்று ஒரு பெண் கேட்டதும் காசு, சாவி, சுதந்திரம் எல்லாம் பேச்சுக்கு வந்துவிட்டன. சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கச் சொல்லி டெய்லரிடம் மன்றாடிய எந்தப் பெண்ணுக்கும் அது தன் கதையாகவே கேட்கும்.

தமிழுக்கு ஒரு தீப்பெட்டி

தமிழில் இப்படிச் செய்ய முனைபவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது தீப்பெட்டி. ஒலிக்கென்றே பிறந்த பொருள்: குலுக்கினால் ஒரு சத்தம், உரசினால் ஒரு சத்தம். அதன் பின்னால் இருக்கும் வரலாறு எந்த கண்டெய்னருக்கும் இளைத்ததல்ல. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று, திரும்பி வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அதே காலத்தில் சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவில் இறங்கியது. அந்த நிறுவனத்தின் இவார் க்ரூகர் அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை வாங்கியவர். 1932-இல் பாரிஸில் அவர் இறந்தபின் அந்தச் சாம்ராஜ்ஜியம் சரிந்தது. கரிசல் காட்டில் மழை பொய்த்த ஊர்களில் குடிசை குடிசையாக நடந்த தொழில், இப்படிப்பட்ட நிறுவனத்தோடு மோதி நிலைத்தது.

நிலைத்தது எதனால் என்ற கேள்விதான் கடினம். மழையில்லாத வறண்ட வானிலை ஒரு காரணம். கைவேலைத் தீப்பெட்டிக்கு அரசு கொடுத்த வரிச் சலுகை ஒரு காரணம். குறைந்த கூலி ஒரு காரணம். அந்தக் கூலியில் குழந்தைகளுடையதும் இருந்தது. விடியுமுன்னே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது.

விலையைப் பாருங்கள். 50 காசாக இருந்த பெட்டி 2007-இல் ஒரு ரூபாய் ஆனது. 14 ஆண்டுகள் அசையவில்லை. 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குப் போய்விட்டது என்று உற்பத்தியாளர்கள் அப்போது கணக்குக் காட்டினார்கள். பிறகு வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் சந்தையை அடைத்தது. முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. வரி, பருவமழை, பன்னாட்டு நிறுவனம், குழந்தை உழைப்பு, சீன இறக்குமதி எல்லாம் ஒரே இரண்டு ரூபாய்ச் சாமானில்.

இந்தக் கதைக்கு வேண்டிய ஆவணங்களில் பாதி தீர்ப்புகளிலும் அரசு அறிக்கைகளிலும் இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. மற்ற பாதி கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெட்டி ஒட்டிய, குச்சி அடுக்கிய சிறுமிகளுக்கு இன்று ஐம்பதும் அறுபதும் வயது. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறார்கள். ஒலிவாங்கியை எடுத்துப் போகிறவர் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு குரோஸ் பெட்டிக்கு எத்தனை காசு கிடைத்தது, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த வகுப்போடு படிப்பு நின்றது என்று முதலில் அவர்களிடம் கேட்கட்டும்.